செவலைக்கும் செவலைக்கும் கருப்புக் குட்டி: நாயின் நிறம் எப்படி இறங்குகிறது, படிப்படியாக

நீடாமங்கலம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தெருவில், ஒரு வீட்டில் மஞ்சள் லாப்ரடார் ஆண், எதிர் வீட்டில் செவலை நாட்டுப் பெட்டை. இரண்டு வீட்டாரும் பேசிவைத்து, பெட்டையைக் கொல்லைக் கொட்டகையில் பூட்டிவைத்துத்தான் சேர்த்தார்கள். 63ஆம் நாள் 7 குட்டி, ஏழும் கருப்பு. உடனே தெருவில் திரிந்த ஒரு கருப்பு நாயின் மேல் பழி விழுந்தது. அப்புறம் "நீ ஒழுங்காகப் பூட்டவில்லை" என்று ஒரு வீடும், "உன் நாய்தான் சாதி நாயே இல்லை" என்று இன்னொரு வீடும் பேசிப் பேசி, இரண்டு மாதம் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. உண்மையில் அந்த ஜோடிக்குக் கருப்புக் குட்டி பிறந்ததில் சந்தேகப்பட எதுவுமே இல்லை.

ஏன் என்று கீழே வருகிறது. வரிசை மாறாமல் படியுங்கள், இந்த விஷயத்தில் பெரும்பாலான தவறுகள் கடைசிப் படியை முதலில் செய்வதால்தான் வருகின்றன.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆண், பெண் இரண்டின் படங்கள் வேண்டும், நிழலில் எடுத்தவை. வெயிலில் எடுத்தால் கருப்பும் பழுப்பும் குழம்பும். வெயிலிலேயே கிடக்கும் கருப்பு நாயின் முடி நுனி செம்பட்டையாக வெளுத்துப்போய் பழுப்பு நாய் மாதிரியே தெரியும், அதனால் முடியைப் பிரித்து வேர்ப்பக்கமும் ஒரு படம் எடுங்கள். வாய்க்காலில் இறங்கிச் சேறு பூசி வந்த நாயைக் குளிப்பாட்டிய பிறகு எடுக்கவும். மூக்கு, கண் விளிம்பு, மீசை, பாதத்தின் அடிமெத்தை, மார்பு, வாலின் அடிப்பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் படம்.

அடுத்து, தாய் தகப்பனின் தாய் தகப்பன், கூடப்பிறந்தவை, முந்தைய ஈத்துக் குட்டிகள் எல்லாம் என்ன நிறம் என்ற விவரம். இதை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள், படம் கேளுங்கள். நம் ஊரில் 'செவலை' என்ற ஒரே சொல்லுக்குள் சந்தன நிறம், செங்கல் நிறம், சாக்லேட் நிறம் மூன்றையும் போட்டுவிடுகிறோம், மரபணுவில் அவை மூன்று வெவ்வேறு சங்கதிகளாக இருக்கலாம்.

தகப்பன் யார் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். பெட்டை சேர்க்கைக்கு நிற்கும் நாட்களில் இரண்டு ஆண் நாய்கள் சேர்ந்திருந்தால் ஒரே ஈத்தில் இரண்டு தகப்பனின் குட்டிகள் பிறக்கலாம். ஒரு மணி நேரம் கதவு திறந்து கிடந்தது என்றால் அதையும் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. தாயக்கட்டைக்குப் பதிலாகச் சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி விளையாடுவோமே, அதேதான். 9ஆம் படியில் வேண்டும்.

2. நிறம் எத்தனை இருந்தாலும் மை இரண்டுதான்

நாயின் உடம்பில் இரண்டு நிறமிதான். ஒன்று கருப்பு மை, யூமெலனின். இன்னொன்று செம்மை, ஃபியோமெலனின். செங்கல் நிறம், சந்தனம், வெளிர் மஞ்சள், பாலாடை நிறம் எல்லாம் செம்மையின் அடர்த்தி வேறுபாடு. சாக்லேட், சிலேட்டுச் சாம்பல் இரண்டும் கருப்பு மையின் மாறுவேடம். வெள்ளை என்பது ஒரு மையே இல்லை, அந்த இடத்துக்கு மை வரவில்லை என்று அர்த்தம்.

10ஆம் வகுப்பில் மெண்டலின் பட்டாணியைப் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி, தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று. ஓங்கு பிரதி ஒன்று இருந்தாலே வெளியே தெரியும், ஒடுங்கு பிரதி இரண்டும் சேர்ந்தால்தான் தெரியும். அவ்வளவு போதும். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, நிறத்தைப் பெயிண்ட் மாதிரி நினைப்பது: கருப்பும் வெள்ளையும் கலந்தால் சாம்பல் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். மரபணு கலப்பதில்லை. அடியில் மறைந்து கிடக்கும், இரண்டு தலைமுறை கழித்து அப்படியே எழுந்து வரும்.

3. முதலில் மூக்கைப் பாருங்கள், முடியை அல்ல

மூக்கில் வருவது கருப்பு மையின் குடும்பம் மட்டும்தான். உடம்பு முழுக்க மஞ்சளாக இருக்கிற நாயிலும் கருப்பு மை எந்த வகை என்று மூக்கு சொல்லிவிடும். அதனால்தான் இது முதல் படி.

மூக்கு கருப்பு என்றால் பி, டி என்ற இரண்டு மரபணு இடங்களிலும் குறைந்தது ஒவ்வொரு ஓங்கு பிரதி இருக்கிறது. ஈரல் நிறப் பழுப்பு என்றால் பி இடத்தில் இரண்டும் ஒடுங்கு. சிலேட்டுச் சாம்பல் என்றால் டி இடத்தில் இரண்டும் ஒடுங்கு, இதைத்தான் விற்பவர்கள் 'ப்ளூ' என்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒடுங்கு சேர்ந்தால் வெளிறிய சாம்பல் பழுப்பு வரும், வைமரானர் நாயின் நிறம் அதுதான். டாபர்மேனில் கருப்பு, பழுப்பு, ப்ளூ, இசபெல்லா என்று நான்கு நிறம் இருப்பதும் இந்த இரண்டு மரபணுவின் கணக்கு.

ஆகவே பழுப்பு மூக்கும் பழுப்பு மூக்கும் சேர்ந்தால் கருப்பு மூக்குக் குட்டி பிறக்காது (பிரெஞ்சு புல்டாக்கில் மட்டும் பழுப்புக்கு வேறொரு மரபணுவும் உண்டு, அதைத் தனியாக வையுங்கள்). ஆனால் பழுப்பு மூக்கும் ப்ளூ மூக்கும் சேர்ந்தால் மொத்தக் குட்டியும் கருப்பாகப் பிறக்கலாம், ஏனென்றால் ஒன்றிடம் இல்லாத ஓங்கு பிரதி மற்றொன்றிடம் இருக்கிறது. இதைக் கேட்டதும் நம்ப மறுப்பவர்களே அதிகம்.

இரண்டு எச்சரிக்கை. குளிர் காலத்திலும் வயதானாலும் சில நாய்களுக்கு, முக்கியமாக மஞ்சள் லாப்ரடாருக்கு, மூக்கின் நடுவில் கருப்பு மங்கி ரோஸாகிவிடும். அதைப் பழுப்பு என்று எழுதிவிடாதீர்கள், கண் விளிம்பைப் பாருங்கள், அங்கே கருப்பு நிற்கும். அதே மாதிரி ராஜபாளையத்தின் ரோஸ் மூக்கு பழுப்பு மூக்கு இல்லை, மை இல்லாத மூக்கு.

ப்ளூ நிறம் அழகாக இருக்கிறது என்று அதற்காகவே சேர்ப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அந்த நிறத்து நாய்களில் சிலவற்றுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டித் தோல் நோய் வருகிறது, முக்கியமாக டாபர்மேனில். நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அந்த நாய் படுகிற பாடு எனக்குத் தாங்காது.

4. உடம்பில் எங்காவது ஒரு கருப்பு முடி இருக்கிறதா

இந்தப் படிதான் மையமானது. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மீதி தானாக வரும்.

ஒரு வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். நிறம் செய்யும் ஒவ்வொரு செல்லிலும் எம்சி1ஆர் என்ற ஒரு மதகு இருக்கிறது, ஆய்வகத் தாளில் இதை ஈ இடம் என்று எழுதுவார்கள். மதகு ஏறியிருந்தால் கருப்பு மை பாயும். இறக்கினால் செம்மை பாயும். இறக்கி ஏற்றுகிற லஸ்கர் ஒருவர் இருக்கிறார், அவர் பெயர் அகூட்டி, ஏ இடம். அந்த லஸ்கரின் கையைக் கட்டிப்போடுகிற ஆள் ஒருவரும் உண்டு, அவர் கே இடம்.

ஈ இடத்தில் இரண்டு பிரதியும் ஒடுங்கு என்றால் ஷட்டர் இறங்கிய நிலையிலேயே துருப்பிடித்து நின்றுவிட்டது என்று பொருள். லஸ்கர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடம்பு முழுக்கச் செம்மை மட்டும்தான், ஒரு கருப்பு முடிகூட முளைக்காது. கோல்டன் ரிட்ரீவர் எல்லாமே இப்படி, மஞ்சள் லாப்ரடாரும் இப்படி.

ஆனால் நம் செவலை நாட்டு நாய் பெரும்பாலும் வேறு வழியில் செவலை. அதன் மதகு நன்றாக வேலை செய்கிறது, லஸ்கர்தான் இறக்கி வைத்திருக்கிறார். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? மீசையைப் பாருங்கள், காது விளிம்பைப் பாருங்கள், வால் நுனியைப் பாருங்கள். கருப்பு மீசை, கருப்பு நுனி இருந்தால் மதகு உயிரோடு இருக்கிறது. முகத்தில் கரி பூசிய மாதிரி முகமூடி இருந்தால் கேள்வியே இல்லை, முகமூடியும் இந்த ஈ இடத்தின் ஒரு ஓங்கு பிரதிதான். கோம்பை, பக் இரண்டிலும் பார்க்கலாம். மீசை வரை வெளிறியிருந்து, மூக்கும் கண் விளிம்பும் மட்டும் கருப்பு என்றால் துருப்பிடித்த மதகு என்று எழுதுங்கள்.

இந்த இரண்டு செவலையையும் ஒன்றாக எண்ணுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறுகளிலேயே பெரியது. நீடாமங்கலத்துச் சண்டையும் இதனால் வந்தது.

துருப்பிடித்த மதகும் துருப்பிடித்த மதகும் சேர்ந்தால் எல்லாக் குட்டியும் செம்மைதான். இரண்டு கோல்டனுக்கு ஒரு கருப்புக் குட்டி பிறந்திருந்தால் அங்கே வேறு தகப்பன் இருக்கிறான் என்று தைரியமாகச் சொல்லலாம்.

5. லஸ்கரின் கை கட்டியிருக்கிறதா

கே இடத்தில் மூன்று வகைப் பிரதி, இந்த ஓங்கு வரிசையில்: கட்டிய கை, பாதி கட்டிய கை, கட்டாத கை. கட்டிய கை ஒரு பிரதி இருந்தாலே போதும், லஸ்கர் மதகைத் தொட முடியாது, நாய் முழுக் கருப்பு (மூக்கு பழுப்பு என்றால் முழுச் சாக்லேட்). கருப்பு லாப்ரடார், கருப்பு பக் எல்லாம் இந்த வழி. பாதி கட்டியது என்றால் புலிவரி. ஆனால் வரி செம்மை உள்ள இடத்தில் மட்டும்தான் விழும், அதனால் கன்னி நாய் மாதிரி கருப்பு உடம்பில் செம்மைப் புள்ளி உள்ள நாயில் கால், கன்னம், புருவத்தில் மட்டும் வரி தெரியும். கட்டாத கை இரண்டு பிரதி என்றால் லஸ்கருக்கு முழுச் சுதந்திரம், அப்போதுதான் ஏ இடத்தின் கோலம் வெளியே வரும். அதனால் இந்தப் படி முடியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இப்போது அந்த 7 கருப்புக் குட்டிகளுக்கு வருவோம். மஞ்சள் லாப்ரடாரிடம் துருப்பிடித்த மதகு இருக்கிறது, ஆனால் லாப்ரடார் இனம் ஏறக்குறைய முழுவதும் கட்டிய கை இரண்டு பிரதியோடு வருவது. மதகே அசையாததால் கை கட்டியிருப்பது அந்த நாயில் தெரியவில்லை. பெட்டையிடம் நல்ல மதகு (அநேகமாக இரண்டு பிரதியும்), கட்டாத கை. ஒவ்வொரு குட்டிக்கும் தாயிடமிருந்து ஒரு நல்ல மதகு, தகப்பனிடமிருந்து ஒரு கட்டிய கை. மதகு ஏறி நிற்கிறது, இறக்க ஆள் இல்லை. கருப்பு. ஏழும் கருப்பு. கோல்டனைச் செவலை நாட்டு நாயோடு சேர்த்தாலும், அல்சேஷனோடு சேர்த்தாலும் கருப்புக் குட்டிகள் வருவது இதே காரணத்தால்தான்.

கட்டிய கை ஓங்கு என்பதால் அது ஒளிந்திருக்க ஒரே முக்கிய இடம் துருப்பிடித்த மதகுள்ள நாய்தான். ஆகவே முகமூடி போட்ட இரண்டு சந்தன நிற பக்குக்குக் கருப்பு பக் பிறக்காது. கருப்பு பக்கும் சந்தன பக்கும் சேர்ந்தால், கருப்பிடம் ஒரு பிரதி மட்டும் என்றால் பாதிக்குப் பாதி.

6. கை கட்டவில்லை என்றால் கோலத்தைப் படியுங்கள்

ஏ இடத்தின் வரிசை இது: முழுச் செவலை, அதற்குக் கீழே ஓநாய் நிறம் (ஒரே முடியில் கருப்பும் செம்மையும் பட்டை பட்டையாக வருவது), அதற்குக் கீழே கன்னி நிறம், கடைசியில் ஒடுங்கு கருப்பு. கன்னி நிறம் என்று நான் சொல்வது டாபர்மேன், ராட்வீலர், நம் தென்மாவட்டத்துக் கன்னி நாய் மூன்றிலும் இருப்பதை: உடம்பு கருப்பு, புருவத்துக்கு மேல், கன்னத்தில், மார்பில், காலில், வாலின் அடியில் செம்மை. அல்சேஷனின் சேணம் போட்ட முதுகை ஆய்வகங்கள் இப்போது தனிக் கோலமாகப் பிரிக்கின்றன, 2021ல் வந்த ஆய்வுக்குப் பிறகு இந்த இடத்தில் மொத்தம் ஐந்து கோலம் என்று எழுதுகிறார்கள், கூடவே கடைசி ஒடுங்கு கருப்பு. கணக்குப் பழகும்வரை மேலே சொன்ன நான்கு போதும்.

மேலே உள்ளது கீழே உள்ளதை மறைக்கும். இரண்டு செவலைக்கு நடுவே கன்னி நிறக் குட்டி பிறப்பது சகஜம், இரண்டிடமும் கன்னிப் பிரதி மறைந்திருந்தால் போதும். தலைகீழாக, கை கட்டாத இரண்டு கன்னி நிற நாய்களுக்குச் செவலைக் குட்டி வந்தால் முதலில் மதகைக் கேளுங்கள்: இரண்டிலும் துருப்பிடித்த பிரதி ஒவ்வொன்று ஒளிந்திருந்தால் மீசைவரை வெளிறிய செவலைக் குட்டி வரலாம். கருப்பு மீசையுள்ள செவலை வந்தால்தான் தகப்பனைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒடுங்கு கருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. முழுக் கருப்பு அல்சேஷன் லாப்ரடார் மாதிரி கருப்பல்ல. அங்கே கை கட்டவில்லை, லஸ்கர் பதவியே காலி. அதனால் கருப்பும் செம்மையுமான இரண்டு அல்சேஷனுக்கு முழுக் கருப்புக் குட்டி பிறக்கலாம், லாப்ரடார் கருப்பு அப்படித் திடீரென்று முளைக்காது. செவலைக்கு இரண்டு வழி இருப்பதுபோல் கருப்புக்கும் இரண்டு வழி. எந்த நிறத்தைப் பார்த்தாலும் 'இது எந்த வழியில் வந்தது' என்று கேட்ட பிறகுதான் நான் பேனாவை எடுப்பேன்.

7. வெள்ளையைக் கடைசியில் பாருங்கள்

வெள்ளை என்பது வரைந்த கோலத்தின் மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி. அடியில் முழுக் கோலமும் இருக்கிறது. அதனால் வெள்ளையை மனதில் அழித்துவிட்டு மிச்சம் தெரிகிற திட்டுகளை வைத்து 3 முதல் 6 வரை முடித்த பிறகு வாருங்கள்.

மார்பில் கொஞ்சம், விரல் நுனியில் கொஞ்சம் வெள்ளை இருப்பதைக் கணக்குப் போட முயலாதீர்கள். கருவில் நிறமிச் செல்கள் முதுகுப்பக்கத்திலிருந்து கிளம்பி உடம்பெங்கும் பரவுகின்றன, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத மாதிரி மார்புக்கும் விரலுக்கும் வால் நுனிக்கும் சிலசமயம் வந்து சேராது. பெரிய வெள்ளைத் திட்டுகளுக்குத்தான் எஸ் இடம், எம்ஐடிஎஃப் மரபணு. அதில்கூட ஒரே ஈத்தில் அளவு மாறும்.

தலைவரை வெள்ளையான நாய்களில் காது கேளாமை வருகிறது. உள்காதுக்கும் நிறமிச் செல் தேவை, அது அங்கே போய்ச் சேராவிட்டால் பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் அணைந்துவிடும். டால்மேஷனிலும் ராஜபாளையத்திலும் இதைப் பார்க்கிறோம். பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்க்கலாம், ஆனால் ஒரு காது மட்டும் செவிடான குட்டி திரும்பிப் பார்த்துவிடும். அதனால் அந்தச் சோதனையை முழுதாக நம்பாதீர்கள்.

எம் இடம் மெர்ல். கருப்பு மையைத் திட்டுத் திட்டாக வெளுக்க வைக்கும், பளிங்கு மாதிரி தெரியும், ஒரு கண் நீலமாகவும் வரலாம். ஒரு பிரதி போதும். இரண்டு மெர்லைச் சேர்த்தால் சராசரியாக 4ல் ஒரு குட்டிக்கு இரண்டு பிரதியும் போய்ச் சேரும், அந்தக் குட்டி பெரும்பகுதி வெள்ளையாக, செவிடாகவோ குருடாகவோ இரண்டுமாகவோ பிறக்க நிறைய வாய்ப்பு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இன்னொன்று, மெர்ல் கருப்பு மையில் மட்டும்தான் வேலை செய்யும், ஆகவே துருப்பிடித்த மதகுள்ள மஞ்சள் நாயில் அது கண்ணுக்கே தெரியாது. மெர்ல் குடும்பத்தில் பிறந்த மஞ்சள் நாயைச் சோதனை செய்யாமல் இன்னொரு மெர்லோடு சேர்க்கக் கூடாது.

8. தெரிந்ததை எழுதி, தெரியாததைக் காலியாக விடுங்கள்

ஒரு நாய்க்கு ஒரு வரி. பி, டி, ஈ, கே, ஏ, எஸ், எம் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம். ஒடுங்கு பண்பு வெளியே தெரிந்தால் இரண்டு கட்டமும் உறுதி. ஓங்கு பண்பு தெரிந்தால் ஒரு கட்டம்தான் உறுதி, மற்றதில் கோடு போடுங்கள். இதில் ஆசைப்பட்டு நிரப்புகிறார்கள், 'நல்ல வம்சம், சுத்தமாகத்தான் இருக்கும்' என்று. கோடு கோடாகவே இருக்கட்டும்.

கோட்டை நிரப்பக் குடும்பம் உதவும். கருப்பு லாப்ரடாரின் தாய் மஞ்சள் என்றால் அதனிடம் துருப்பிடித்த பிரதி ஒன்று கட்டாயம் இருக்கிறது. முந்தைய ஈத்தில் ஒரே ஒரு மஞ்சள் குட்டி பிறந்திருந்தாலும் அதே முடிவு, தாய்க்கும் தகப்பனுக்கும் இரண்டுக்குமே. எதிர்ப்பக்கமாகவும் போகலாம்: கருப்பு ஆணை மஞ்சள் பெட்டையோடு சேர்த்து 6 குட்டியும் கருப்பு என்றால், தகப்பனிடம் மஞ்சள் மறைந்திருந்தும் இப்படி ஆக 64ல் ஒரு வாய்ப்புதான். அநேகமாக இல்லை என்று பென்சிலில் எழுதலாம், பேனாவில் எழுதக் கூடாது.

9. புளியங்கொட்டையை உருட்டுங்கள்

ஒரு கொட்டை ஒரு பெற்றோரின் ஒரு மரபணு. இரண்டு பக்கம், இரண்டு பிரதி. தேய்க்காத பக்கம் ஓங்கு, தேய்த்த வெள்ளைப் பக்கம் ஒடுங்கு. மறைவாக ஒடுங்கு வைத்திருக்கும் நாய்க்கு ஒரு பக்கம் தேய்த்த கொட்டை, சுத்த ஓங்குக்குத் தேய்க்காதது, இரண்டும் ஒடுங்குக்கு இருபுறமும் தேய்த்தது. தகப்பன் கொட்டையையும் தாய் கொட்டையையும் சேர்த்து உருட்டினால் மேலே விழும் இரண்டு முகமும் ஒரு குட்டி. கட்டம் போட்டு எழுதிப் புரியாதவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன், எட்டு வயதுப் பிள்ளைகூடப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறது.

ஒரு முழு உதாரணம். இரண்டு கருப்பு லாப்ரடார், இரண்டிடமும் சாக்லேட்டும் மஞ்சளும் மறைந்திருக்கின்றன. பி இடத்துக்கு ஒரு ஜோடிக் கொட்டை, ஈ இடத்துக்குப் பேனாவால் புள்ளி வைத்த இன்னொரு ஜோடி. நான்கையும் உருட்டுங்கள். முதலில் புள்ளிக் கொட்டையைப் படியுங்கள், இரண்டும் வெள்ளை என்றால் மஞ்சள், முடிந்தது; பி ஜோடி மூக்கின் நிறத்தை மட்டும் சொல்லும். இல்லையென்றால் பி ஜோடியைப் பாருங்கள், இரண்டும் வெள்ளை என்றால் சாக்லேட், மற்றபடி கருப்பு. நிறைய முறை உருட்டினால் 16க்கு 9 கருப்பு, 3 சாக்லேட், 4 மஞ்சள் என்ற கணக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த 4 மஞ்சளில் ஒன்றுக்கு மூக்கு பழுப்பு.

இங்கே எல்லோரும் இடறுவது ஒரே இடத்தில். 4ல் ஒன்று மஞ்சள் என்றால் 8 குட்டியில் கட்டாயம் 2 மஞ்சள் என்று நினைத்து முன்பணமும் வாங்கிவிடுகிறார்கள். மேலே சொன்ன ஜோடிக்கு 8 குட்டியில் ஒரு மஞ்சள்கூட இல்லாமல் போக ஏறக்குறைய 100ல் 10 வாய்ப்பு உண்டு. கொட்டைக்கு முந்தைய உருட்டல் நினைவில்லை. தாயத்தில் பத்து உருட்டலுக்கும் தாயம் விழாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இன்னொரு நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். பெட்டையோடு முதன்முதலில் சேர்ந்த ஆணின் சாயல் அடுத்தடுத்த ஈத்திலும் வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வராது. இந்த ஈத்தின் தகப்பன் கொட்டை மட்டும்தான் இந்த உருட்டலில் இருக்கிறது.

10. குட்டி பிறந்த பிறகு பொறுத்திருங்கள்

பிறந்த அன்றே நிறம் எழுதக் கூடாது. பல குட்டிகளுக்கு மூக்கு ரோஸாகப் பிறந்து சில வாரத்தில்தான் கருக்கும். செவலையாகப் போகிற குட்டி பிறக்கும்போது முதுகெல்லாம் கரி பூசினதுபோல் இருக்கும், வளர வளர வெளுக்கும். அல்சேஷன் குட்டி கருகருவென்று பிறந்து பிறகு செம்மை ஏறும். டால்மேஷன் வெள்ளையாகப் பிறக்கும், புள்ளி வர இரண்டு வாரம்போல ஆகும். வாரம் ஒரு படம் எடுத்து, 8 வாரம் கழித்து உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள்.

கணக்குக்கு ஒத்துவராத குட்டி வந்தால் வரிசை இது: முதலில் தாய் தகப்பனின் மூக்கையும் மீசையையும் மறுபடி பாருங்கள், பிறகு ஆசைப்பட்டு நிரப்பிய கட்டம் எது என்று தேடுங்கள், அதன் பிறகு, கடைசியாகத்தான், தகப்பனைச் சந்தேகியுங்கள். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பாலானவை முதல் இரண்டிலேயே தீர்ந்துவிட்டன.

எதிர்பார்த்த நிறம் வரவில்லை என்று குட்டியைச் சாக்கில் கட்டி வாய்க்கால் கரையில் விட்டுவிட்டு வருகிறார்கள். மார்கழிப் பனியில் அப்படி விட்டவற்றை எடுத்து வந்திருக்கிறேன், எல்லாம் பிழைக்கவில்லை. எந்த நிறம் வந்தாலும் வளர்க்க ஆள் இருக்கிறதா என்பதை 1ஆம் படிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் சேர்க்கவே வேண்டாம்.

11. ஆய்வகச் சோதனை எப்போது

கோடு போட்ட கட்டங்களை உறுதியாக நிரப்ப மரபணுச் சோதனைதான் வழி. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்புவது, நாய்க்கு வலியில்லை. சாப்பிட்ட உடனே எடுக்காதீர்கள். பால் குடிக்கும் குட்டியைத் தாயிடமிருந்தும் மற்றக் குட்டிகளிடமிருந்தும் ஒரு மணி நேரமாவது பிரித்து வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் தாயின் செல்லும் சேர்ந்து போய் முடிவு குழம்பும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்டுப் பணம் கட்ட வேண்டாம். மெர்ல் குடும்பம் என்றால் முதலில் எம். மற்றபடி ஈ, பிறகு கே, பிறகு பி. ப்ளூ நாய் குடும்பத்தில் இருந்தால் டி. சோதனை ஏ இடத்தில் என்ன காட்டினாலும், கே இடத்தில் கட்டிய கை இருந்தால் அது நாயில் தெரியாது, தாளைப் படிக்கும்போதும் 3 முதல் 7 வரையிலான வரிசையை விடாதீர்கள். தோல் உரிவது, காது கேளாதது போன்ற சந்தேகம் இருந்தால் நிறக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள், டெல்டாக்காரர்களுக்கு ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

அந்த 7 கருப்புக் குட்டியில் ஒரு பெட்டை இப்போது லாப்ரடார் வீட்டிலேயே வளர்கிறது. அதன் வரி எழுதிவைத்திருக்கிறேன்: ஈ இடத்தில் ஒன்று நல்லது ஒன்று துரு, கே இடத்தில் ஒன்று கட்டியது ஒன்று கட்டாதது. இரண்டு வயது முடிந்ததும் பாபநாசத்தில் உள்ள, இதற்கு உறவில்லாத ஒரு மஞ்சள் லாப்ரடாரோடு சேர்க்கப் பேசியிருக்கிறார்கள். நல்ல மதகு வாங்கும் குட்டி கருப்பு, துரு வாங்கும் குட்டி மஞ்சள், தகப்பன் எப்படியும் கட்டிய கையைத்தான் தருவான், ஆக பாதிக்குப் பாதி, கருப்பு மீசை வைத்த செவலை ஒன்றுகூட வராது. இந்த முறை குட்டி பிறப்பதற்கு முன்பே இரண்டு வீட்டுக்கும் தாளைக் கொடுத்துவிட்டேன்.